பாங்காக்கில் போடாத கையெழுத்து, மணப்பாட்டுக் கரையில் இறங்கும் விலை: பெரிய வர்த்தக ஒப்பந்தங்களுக்கு என்னதான் ஆச்சு?

மணப்பாட்டில் வள்ளம் கரைக்கு வந்ததும் மீனை இரண்டாகப் பிரிப்பார்கள். ஊரில் விற்கிற மீன் ஒரு பக்கம். கணவாய், நண்டு, சிங்கி இறால் மாதிரி ‘கம்பெனிக்குப் போற சரக்கு’ இன்னொரு பக்கம். அந்தக் கம்பெனிச் சரக்கு ஐஸ் பெட்டியில் ஏறி, சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தூத்துக்குடிக்குப் போகும். அங்கே சுத்தம் செய்து, உறைய வைத்து, கன்டெய்னரில் ஏற்றுவார்கள். அந்தக் கன்டெய்னர் பல நேரம் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி வெளிநாடு போகும்.

கரையில் கிடைக்கும் விலையை ஏலம் மட்டும் முடிவு செய்வதில்லை. சரக்கு போய் இறங்கும் நாட்டில் சுங்கவரி எவ்வளவு, அதே சரக்கை அனுப்பும் வியட்நாமுக்கு எவ்வளவு, ஈக்வடாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்துதான் ஏலத்தில் கேட்கும் விலையாகிறது. அந்த வரிகளைப் பல நாடுகள் சேர்ந்து பேசி எழுதி வைக்கும் காகிதம்தான் வர்த்தக ஒப்பந்தம். பத்துப் பதினைந்து நாடுகள் சேர்ந்து போடும் பெரிய ஒப்பந்தங்கள்தான் எதிர்காலம் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் சொன்னார்கள். இன்று அந்த ஒப்பந்தங்கள் இருக்குமா, இருந்தாலும் மதிக்கப்படுமா என்றே சந்தேகம். அதனால் மணப்பாட்டுக்கும் தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இத்தனை நாடுகள் ஒன்றாக?

உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதி எளிமையானது. ஒரு உறுப்பு நாட்டுக்கு வரியைக் குறைத்தால் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் குறைக்கணும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில நாடுகள் சேர்ந்து, பெரும்பாலான சரக்குகளுக்குத் தங்களுக்குள் வரியை நீக்கிக்கொண்டால், அந்தச் சலுகையை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு நாடு என்றால் இருதரப்பு ஒப்பந்தம். பல நாடு என்றால் பிராந்திய ஒப்பந்தம்.

பலபேர் சேர்வதில் லாபம் எங்கே? ஒரு செல்போனை எடுத்துக்குவோம். சிப் கொரியாவில், திரை சீனாவில், பொருத்துவது வியட்நாமில். மூன்று நாடும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால், எந்த நாட்டில் எவ்வளவு வேலை நடந்திருந்தாலும் மொத்தத்தையும் ‘நம்ம கூட்டத்துச் சரக்கு’ என்று கணக்கு வைக்கலாம். தனித்தனி ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு எல்லையிலும் தனிக் காகிதம், தனிக் கணக்கு. அதனால்தான் பெரிய தொழிற்சாலைகள் பெரிய ஒப்பந்தங்களை விரும்புகின்றன. மணப்பாட்டு வள்ளக்காரர் விரும்பக் காரணம் எதுவும் இல்லை. அவர் பிடிக்கும் கணவாய் முழுக்க முழுக்க இந்தியக் கணவாய்தானே! இந்த வேறுபாடு முக்கியம், பின்னால் தேவைப்படும்.

ஆர்.சி.இ.பி: ஏழு வருஷம் பேசி, கடைசியில் எழுந்து வந்த கதை

பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை. சுருக்கமாக ஆர்.சி.இ.பி. 2012 நவம்பரில் 16 நாடுகள் பேச்சைத் தொடங்கின. ஆசியானின் 10 நாடுகள், அவற்றோடு சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. ஏழு வருஷம் பேசிய பிறகு, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியது. பிரதமர் மோடி, காந்தியின் அளவுகோலும் தன் மனசாட்சியும் இதில் சேர இடம் தரவில்லை என்ற பொருளில் பேசினார். மற்ற 15 நாடுகளும் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உலக மக்கள்தொகையிலும் பொருளாதாரத்திலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் அந்த ஒப்பந்தத்துக்குள்.

விலகியதற்கான காரணங்கள் வெறும் உணர்ச்சி இல்லை. 2018-19ல் அந்த 15 நாடுகளோடு நமக்கு இருந்த வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 10,500 கோடி டாலர். அதில் பாதி சீனாவோடு மட்டும். நியூசிலாந்துப் பால் பவுடர் வந்தால் நம்ம ஊர்ப் பால்காரர் கதி என்ன என்ற கேள்வி இருந்தது. எந்த வருஷத்து வரியை அடிப்படையாக வைத்துக் குறைப்பது என்பதில் சண்டை. இறக்குமதி திடீரென்று அதிகரித்தால் தானாக வரி ஏறும் ஏற்பாட்டை இந்தியா கேட்டது, திருப்தியாகக் கிடைக்கவில்லை.

விலகியது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விலகியதையே ஒரு வெற்றியாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் சங்கடம். சீனாவோடான பற்றாக்குறை 2018-19ல் சுமார் 5,300 கோடி டாலர். 2024-25ல் 9,900 கோடி டாலர். ஒப்பந்தத்துக்குள் போகாமலேயே இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. கதவைச் சாத்தினோம், சரக்கு ஜன்னல் வழியாக வந்தது. மருந்துக்கான மூலப்பொருள், மின்னணு உதிரிப்பாகம், சோலார் பேனல் எல்லாம் நமக்குத் தேவை, நாமே செய்வது போதவில்லை. இதை எந்த ஒப்பந்தமும், எந்த விலகலும் சரி செய்யாது.

இந்தியா எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு வழியை அவர்கள் திறந்தே வைத்திருக்கிறார்கள். நம்ம அரசுக்குள்ளேயே இரண்டு குரல் கேட்கிறது. 2024 செப்டம்பரில் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், சேரும் எண்ணமே இல்லை என்றார். அதே வருஷம் நவம்பரில் நிதி ஆயோக் தலைமைச் செயல் அதிகாரி பி.வி.ஆர். சுப்ரமணியம், சேர வேண்டும் என்றார். இதற்கிடையே நம் எதிர்க்கரையில் இருக்கும் இலங்கை 2023ல் ஆர்.சி.இ.பி-யில் சேர விண்ணப்பம் கொடுத்துவிட்டது. கொழும்பு உள்ளே போய், தூத்துக்குடி வெளியே நின்றால் என்ன ஆகும் என்று நம்ம பக்கம் யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் பொதுவில் வைக்கலாமே.

உள்ளே இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை

‘நாம் வெளியே இருக்கிறோம், அதனால்தான் பிரச்சினை’ என்று சொல்பவர்கள் உண்டு. உள்ளே இருந்தவர்களின் கதையையும் பார்க்கணும்.

பசிபிக் கரை நாடுகளின் டி.பி.பி ஒப்பந்தத்தை அமெரிக்கா முன்னின்று உருவாக்கியது. 12 நாடுகள் 2016 பிப்ரவரியில் கையெழுத்திட்டன. 2017 ஜனவரி 23ல், பதவியேற்ற சில நாட்களிலேயே டிரம்ப் விலகினார். கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டவரே மண்டபத்தை விட்டுப் போன மாதிரி. மீதி 11 நாடுகள் சி.பி.டி.பி.பி என்று பெயர் மாற்றி 2018 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தன. பிறகு பிரிட்டனும் சேர்ந்தது. 2021 செப்டம்பரில் சீனா சேர விண்ணப்பித்தது, ஒரு வாரத்துக்குள் தைவானும் விண்ணப்பித்தது. இரண்டில் யாரைச் சேர்த்தாலும் வம்பு.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஒப்பந்தம் இன்னும் மோசம். அதைப் பேசி முடித்து 2018ல் கையெழுத்திட்டதே டிரம்ப்தான். 2020 ஜூலையில் அமலானது. 2025 மார்ச்சில் அதே டிரம்ப் அதே இரண்டு நாடுகள் மீது 25 சதவீத வரி போட்டார். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சரக்குகளுக்குப் பிறகு விலக்கு வந்தது என்பது வேறு விஷயம். தன் கையெழுத்தைத் தானே மதிக்காத ஒரு பெரிய நாட்டை யார் தட்டிக் கேட்பது? உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை. புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா ஒத்துக்கொள்ளாததே காரணம். கீழ்க்கோர்ட்டில் தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டு, மேல்கோர்ட்டே இல்லை என்று நிம்மதியாகப் போகலாம்.

நம்ம தெற்காசியக் கதையைச் சொல்லவே வேண்டாம். சாஃப்டா ஒப்பந்தம் 2006 முதல் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் சரக்குகள் மீது இந்தியா 200 சதவீத வரி போட்டது, ஆகஸ்டில் பாகிஸ்தான் வர்த்தகத்தையே நிறுத்தியது. சார்க் தலைவர்கள் கடைசியாக மாநாட்டில் சந்தித்தது 2014ல், காத்மாண்டுவில். வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு சுதந்திர வர்த்தகத்துக்கு அடிப்படை ஒப்பந்தம் போட்டது 2004ல். இருபது வருஷம் தாண்டியும் ஒப்பந்தம் வரவில்லை.

ஆக, பெரிய ஒப்பந்தங்கள் சாகவில்லை. ஆனால் சட்டம் என்ற அந்தஸ்து போய், பேரம் என்ற அளவுக்கு இறங்கிவிட்டன. பெரிய நாடு நினைத்தால் இருக்கும், நினைக்காவிட்டால் இருக்காது.

இறால் சொல்லும் கணக்கு

இந்த நிச்சயமின்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? 2025 ஆகஸ்டைப் பார்த்தால் போதும். இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னும் 25 சதவீதம். இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்பு எதிர்ப்பு வரியையும், மானியத்தை ஈடுகட்டும் வரியையும் சேர்த்தால் 58 சதவீதத்தைத் தாண்டியது. அதே நேரம் ஈக்வடாருக்கு 15, இந்தோனேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் 19, வியட்நாமுக்கு 20.

2024-25ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 17 லட்சம் டன், மதிப்பு 62,408 கோடி ரூபாய். அந்த மதிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் உறைந்த இறால். இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. ஒரே சரக்கு, ஒரே பெரிய வாடிக்கையாளர்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். அந்த இறால் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வனாமி, அதிலும் ஆந்திரத்துப் பங்குதான் அதிகம். மணப்பாட்டு வலையில் விழும் இறாலுக்கும் அமெரிக்காவுக்கும் 2019லிருந்தே பேச்சு வார்த்தை இல்லை. இழுவலையில் கடலாமை சிக்காமல் தடுக்கும் கருவி பொருத்தவில்லை என்று சொல்லி, இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா அந்த வருஷம் தடை செய்தது. வரி பூஜ்யமாக இருந்த காலத்திலும் சரக்கு போகவில்லை! வர்த்தக ஒப்பந்தம் என்றாலே எல்லாரும் சதவீதத்தைப் பார்க்கிறோம். ஒரு வலையில் ஒரு கருவி இல்லாதது ஐம்பது சதவீத வரியை விட உயரமான சுவர்.

அப்படியென்றால் 58 சதவீதம் நம்ம கரையைத் தொடவில்லையா? தொடும், சுற்றி வளைத்து. தூத்துக்குடிப் பதப்படுத்தும் ஆலைகளில் இறால் உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பலர் தினக்கூலி. ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது அவர்களின் வேலை நாள். அமெரிக்கா போக முடியாத இறால் வேறு சந்தைக்குத் திரும்பும்போது, அங்கே ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த சரக்கின் விலையும் இறங்கும். ஏற்றுமதியாளர் அந்த இறக்கத்தை ஏஜென்ட் மீது தள்ளுவார், ஏஜென்ட் கரையில் தள்ளுவார். இந்தக் கரையில் பலர் வள்ளத்துக்கும் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். முன்பணம் கொடுத்தவரிடம்தான் மீனைப் போடணும். விலை பிடிக்கவில்லை என்று வேறு ஆளைத் தேட முடியாது. ஜகார்த்தாவிலோ வாஷிங்டனிலோ எழுந்த அலை கடைசியாக உடைவது இப்படித் தப்பிக்க இடமில்லாதவர்கள் மீதுதான்.

பத்து ரூபாய் லைட்டரும் கோவில்பட்டியும்

இப்போது அதே மாவட்டத்தின் இன்னொரு மூலைக்குப் போவோம். அங்கே ஒப்பந்தத்தில் சேராததால் கிடைத்த பலன் ஒன்று உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் லட்சம் பேருக்கு மேல் சோறு போடுகிறது. அதிலும் பெண்களே அதிகம். சீனாவிலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு லைட்டர் சுமார் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே சரக்கு உதிரிப்பாகமாக வர ஆரம்பித்தது என்று தீப்பெட்டிக்காரர்கள் புகார் சொன்னார்கள். 2024 அக்டோபரில் உதிரிப்பாகத்துக்கும் தடை.

விலையைக் குறைத்தே எதிராளியைச் சாய்க்கும் வித்தை தூத்துக்குடிக்குப் புதுசு இல்லை. 1906ல் வ.உ.சி சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றது. இலவசக் குடைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம்.

ஆர்.சி.இ.பி-யில் இருந்திருந்தால் லைட்டர் தடையை இவ்வளவு சுலபமாகப் போட்டிருக்க முடியாது. போட்டாலும் சீனா ஒப்பந்தத்தைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கும். கோவில்பட்டிக்கு அந்த வெளியேற்றம் பயன்பட்டது உண்மை. ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொன்று: தொழில் நலிந்து, கடிதம் எழுதி, ஒன்பது மாதம் கழித்து முதல் தடை, அதற்கும் பதினாறு மாதம் கழித்து இரண்டாம் தடை. பாதுகாப்பு என்ற பெயரில் கிடைத்தது இவ்வளவுதான்.

வரிச் சுவர் ஏறிக் குதித்து வந்த கார்

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடி சிப்காட்டில் 400 ஏக்கரில் மின்சாரக் கார் ஆலை கட்டி, 2025 ஆகஸ்ட் 4ல் திறந்தது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார். வியட்நாம் ஆசியானில் இருக்கிறது, ஆர்.சி.இ.பி-யில் இருக்கிறது, சி.பி.டி.பி.பி-யில் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டின் கம்பெனி ஏன் இங்கே வந்து ஆலை போடணும்?

முழுதாகத் தயாரான காரை இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் 70 சதவீதமும் அதற்கு மேலும் வரி. ஆலை போட்டால் அந்தச் சுவர் இல்லை, பக்கத்திலேயே வ.உ.சி துறைமுகம். நாம் பெரிய சந்தை என்பதால் இது நடந்தது. ஒப்பந்தத்தில் சேராமலே முதலீடு வரும் என்பதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் இந்த ஆலையிலிருந்து வெளிநாட்டுக்குக் கார் அனுப்ப ஆரம்பித்தால் கணக்கு மாறும். ஹைபோங்கில் ஏறும் காருக்குப் பல நாடுகளில் கிடைக்கும் சலுகை தூத்துக்குடியில் ஏறும் காருக்குக் கிடைக்குமா? உள்ளூரில் விற்க வரிச் சுவர் உதவும், வெளியே விற்க ஒப்பந்தம் வேணும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கும் நிலைமைக்குத் தூத்துக்குடி சீக்கிரம் வந்துவிடும்.

ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம் என்ன செய்தது?

ஆர்.சி.இ.பி பற்றியே பேசுகிறோம். ஆசியானோடு நமக்கு 2010 ஜனவரி முதலே ஒரு சரக்கு ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. அது வந்தபோது தமிழ்நாட்டில் பெரிய சத்தம் இல்லை. கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. ரப்பர், மிளகு, தேங்காய், மீன் எல்லாவற்றுக்கும் ஆபத்து என்றார்கள். அந்தப் பயம் முழுக்கப் பலிக்கவில்லை, முழுக்கப் பொய்யும் ஆகவில்லை. 2022-23ல் ஆசியானோடு பற்றாக்குறை சுமார் 4,350 கோடி டாலர். ஒப்பந்தம் தொடங்கிய காலத்தில் இருந்ததைப் போலப் பல மடங்கு.

2023ல் இரண்டு தரப்பும் இதை மறுபரிசீலனை செய்ய ஒத்துக்கொண்டு, 2025க்குள் முடிப்பது என்று வைத்தார்கள். சுற்றுக்கு மேல் சுற்றாகப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. இந்தியாவின் முக்கியக் கவலைகளில் ஒன்று, வேறு நாட்டுச் சரக்கு ஆசியான் முத்திரையோடு உள்ளே வருவது. ஒப்பந்தப்படி 35 சதவீத மதிப்பாவது அங்கே சேர்க்கப்பட்டிருக்கணும். சேர்த்தார்களா என்று பார்க்கும் அதிகாரத்தை 2020 செப்டம்பரில் நம்ம சுங்கத்துறை விதிகளில் கடுமையாக்கினார்கள்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை இலங்கையே நமக்குக் காட்டியிருக்கிறது. இந்தியா–இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலானதும், வனஸ்பதி ஆலைகள் இலங்கையில் முளைத்தன. பாமாயில் வெளிநாட்டிலிருந்து குறைந்த வரியில் இலங்கைக்கு வரும், அங்கே வனஸ்பதியாகும், வரியில்லாமல் இந்தியாவுக்குள் நுழையும். ஆலை போட்டவர்களில் இந்தியர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை. பின்னர் அளவுக் கட்டுப்பாடு வந்தது. இந்த ஒப்பந்தத்தை விரிவாக்கும் எட்கா பேச்சு 2018ல் நின்று, 2023ல் மறுபடி தொடங்கியது. தூத்துக்குடிக்கு இதில் இருக்கும் பங்கு டெல்லிக்கு இருப்பதை விட அதிகம்.

டீசல் மானியமும் ஜெனீவாவும்

மணப்பாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் உலக ஒப்பந்தம் எது என்று கேட்டால், ஆர்.சி.இ.பி இல்லை, மீன்பிடி மானிய ஒப்பந்தம். உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் இதை ஏற்றது, 2025 செப்டம்பர் 15 முதல் அமலில் இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே அதிகமாகப் பிடிக்கப்பட்டுவிட்ட மீன்வளத்துக்கும் மானியம் கூடாது என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. அடுத்த கட்டமாக, அளவுக்கு மீறிய மீன்பிடித் திறனை வளர்க்கும் மானியங்களை நிறுத்தும் பேச்சு நடந்தது. 2024ல் அபுதாபி மாநாட்டில் உடன்பாடு வரவில்லை. தொலைதூரக் கடலில் பெரிய கப்பல்களை விடும் நாடுகள் முதலில் நிறுத்தட்டும், வளரும் நாடுகளுக்கு 25 வருஷ அவகாசம் வேணும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு.

இந்த விஷயத்தில் டெல்லி சொல்வது சரி என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டில் மீனவருக்கு வரிவிலக்கு டீசல், மானிய விலை மண்ணெண்ணெய் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கு, குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். ஒரு வள்ளத்துக்குக் கிடைக்கும் மண்ணெண்ணெயையும், கடலையே வடிகட்டும் ஆழ்கடல் கப்பலுக்குக் கிடைக்கும் எரிபொருளையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஆனால் மன்னார் வளைகுடாவில் மீன் குறைகிறது என்பதைக் கடலுக்குப் போகிறவர்களே சொல்கிறார்கள். இதே கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். அதற்குப் பிறகு பாரில் முத்துச்சிப்பி போதுமான அளவு சேரவே இல்லை. ஒரு தொழில் காலியாவது இந்த ஊர்களுக்குக் கதை இல்லை, தாத்தா காலத்து நிஜம்.

யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

பெரிய ஒப்பந்தங்கள் ஆட்டம் கண்டதால் இந்தியா இப்போது சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டு போகிறது. ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உள்ள எஃப்டா கூட்டம், 2025 ஜூலை 24ல் பிரிட்டன். இது புத்திசாலித்தனமான வழிதான். இவர்கள் நம்மோடு போட்டி போடும் சரக்கைப் பெரும்பாலும் அனுப்புவதில்லை. பிரிட்டன் ஒப்பந்தத்தில் நம்ம கடல் உணவுக்கும் வரி நீங்குகிறது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்த ஏற்றுமதியாளருக்கு இது ஒரு மாற்று வழி.

ஆனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பழைய குறை பெரிதாகிறது. அரசமைப்புச் சட்டப்படி வெளிநாட்டு வர்த்தகம் மத்தியப் பட்டியல். கரையோரக் கடலில் மீன்பிடிப்பும் விவசாயமும் மாநிலப் பட்டியல். ஒப்பந்தம் போட நாடாளுமன்றத்தின் முன் அனுமதிகூடத் தேவையில்லை, அமைச்சரவை ஒப்புதல் போதும். ஐரோப்பாவில் வர்த்தக ஒப்பந்தம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பைத் தாண்டணும். இங்கே கையெழுத்தான பிறகுதான் பட்டியலே வெளியே தெரியும்.

1530களில் முத்துக்குளிக்கும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள, இந்தக் கரையின் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்த்துகீசியரோடு தாங்களே நேரில் பேசி உடன்பாடு செய்தார்கள். அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். 1658ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியதும் அந்த உடன்பாட்டின் மதிப்பும் மாறிப்போச்சு. ஆனால் அன்றைக்குப் பேச்சு நடந்த இடத்தில் கடலில் இறங்கியவர்களின் ஆள் இருந்தார்.

மணப்பாட்டுக்காரரை ஜெனீவாவுக்கு அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது சின்ன விஷயங்கள். ஆசியான் மறுபரிசீலனையிலும் எட்காவிலும் எந்தெந்த மீன் வகைக்கு, பனைப் பொருளுக்கு, தீப்பெட்டிக்கு வரி குறைப்பதாகப் பேசுகிறார்கள் என்ற வரைவுப் பட்டியல் கையெழுத்துக்கு முன்னால் தமிழில் வெளியாகணும். அதன் பாதிப்பை மாவட்டவாரியாக மாநில மீன்வளத்துறையும் தொழில்துறையும் கணக்கெடுத்துச் சட்டமன்றத்தில் வைக்கலாம், அதற்கு டெல்லியின் அனுமதி தேவையே இல்லை. ஒப்பந்தச் சலுகைக்கான பிறப்பிடச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று தூத்துக்குடியில் சின்ன ஏற்றுமதியாளருக்குச் சொல்லித்தர ஒரு மேசை வேணும். இல்லாவிட்டால் பிரிட்டனில் நீங்கும் வரியின் பலன் ஏற்கெனவே ஆடிட்டர் வைத்திருக்கும் நாலு பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் போகும். ஆமை தப்பிக்கும் கருவியை இழுவலைப் படகுகளில் பொருத்த மானியம் கொடுத்து, 2019லிருந்து மூடிக்கிடக்கும் அமெரிக்கக் கதவைத் திறக்கச் சொல்லி மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து நெருக்கலாம். இதில் எதற்கும் ஆர்.சி.இ.பி-யில் சேர்வதா வேண்டாமா என்ற முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.